பொண்ணு மைனராம்

ஆஸ்டின் டவுனில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் இரண்டு சத்தங்கள் தவறாமல் கேட்கும். ஒன்று கோயில் மணி. மற்றொன்று, கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்காரிகள் போடும் கூச்சல். ஜோசஃபின் வீட்டில் இரண்டாவது சத்தத்தில் முதலாவது அமுங்கிப்போகும்.

"டேய் ஓஸ்வால்டு! கண்ணாடிக்கு முன்னால நின்னது சாக்குடா, போதும்! நீ வர்றதுக்குள்ள பாஸ்டர் ஐயா பிரசங்கமே முடிச்சுடுவாரு."

"வரேம்மா. டை சரியா உக்கார மாட்டேங்குது."

மூத்த மகன் ஓஸ்வால்டுக்கு வயது முப்பத்தைந்து. சவுத் பரேடில் ஓர் ஏலக்கடையில் வேலை. சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்கார ஆபீசர்கள் விட்டுப்போகும் சாமான்கள் அங்கே ஏலத்துக்கு வரும். அவற்றில் நல்ல கோட்டாகவும் பட்டுக் கைக்குட்டையாகவும் இருப்பவை எப்படியோ ஓஸ்வால்டின் உடம்புக்கு வந்து சேர்ந்துவிடும். கழுத்தில் செயின், தலையில் வாசனைத் தைலம், சனிக்கிழமையானால் குதிரைப் பந்தயம். கல்யாணப் பேச்சை எடுத்தால் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவான். திட்டுவதற்கென்று வாயைத் திறந்த ஜோசஃபின், அவன் வெளியே வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் பூரித்துப்போனாள்.

"பாரேன், என் மைனரு கிளம்பிட்டாரு!" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

சின்ன மகன் ஹெர்பர்ட் அதற்கு முன்பே தயாராகி வாசலில் நின்றான். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் குட்ஸ் ஆபீஸ் கிளார்க். அன்றைக்கு அவனுடைய இரண்டாவது ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு அடுத்தடுத்து சபை முன்னால் பாஸ்டர் அறிவிப்பார். தடை சொல்லக் காரணம் உள்ளவர்கள் அப்போது சொல்லலாம். அதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள். பெண், ரிச்சர்ட்ஸ் டவுன் ஜூடித். சிறுமிகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தகப்பனார் இல்லை. தாயார் கேத்தரின் துரைசானிகளுக்கு கவுன் தைத்துப் பெண்ணைப் படிக்க வைத்தவள். மூன்று வருஷமாகக் கோயில் பாட்டுக் குழுவில் ஜூடித்தும் ஹெர்பர்ட்டும் ஒரே வரிசையில் நின்று பாடியிருக்கிறார்கள். அப்புறம்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

ஆராதனை முடிந்து கூட்டம் கலையும்போதுதான் அந்த வில்லங்கம் பிறந்தது. பாஸ்டர் ஆம்ப்ரோஸ் கோயிலின் பக்க அறையில் அங்கியைக் கழற்றிக்கொண்டே உபதேசியாரிடம் சொன்னார்:

"ஹெர்பர்ட் கல்யாண விஷயம். பொண்ணு மைனர். கவனிக்காம விட்டா பின்னால சிக்கல். நாம கோலார்ல இருந்து வந்ததும் தாயாரைப் பாத்துப் பேசணும்."

அந்த அறைக்கு வெளியே குடையைத் தேடிக்கொண்டிருந்த நோராவின் காதில் இது விழுந்தது. நோரா, ஜோசஃபினின் பக்கத்து வீட்டுக்காரி.

பாஸ்டர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. கிறிஸ்தவர்களின் கல்யாணச் சட்டத்தில் இருபத்தொரு வயது நிரம்பாத எவரும் மைனர். தகப்பன் இல்லாத மைனர் பெண் என்றால் தாயார் சம்மதம் சொல்ல வேண்டும். ஜூடித்துக்கு வயது இருபது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த வார்த்தை கோர்ட்டிலேயே அடங்கிக் கிடக்கவில்லை. ஜமீன் வாரிசுகள் சிலர் வயது வருவதற்கு முன்பே சொத்தை சென்ட்டுக்கும் சதிர்க் கச்சேரிக்கும் இறைத்ததாலோ என்னவோ, செயின் போட்டு உல்லாசமாகத் திரிகிற ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் அது பட்டப் பெயராக ஒட்டிக்கொண்டது. தலை நரைத்தவரையும் நம் ஜனங்கள் மைனர் என்கிறார்கள். சட்டம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளும்.

நோரா குடையை மறந்துவிட்டு நேராக ஜோசஃபினிடம் வந்தாள்.

"ஜோசஃபின், இப்படி ஓரமா வா. சொல்றதா வேணாமான்னு தெரியல. சொல்லாட்டி மனசு கேக்காது."

"என்னக்கா, பேஜாரு பண்ணாதீங்க. சொல்லுங்க."

"பாஸ்டர் ஐயா வாயாலயே கேட்டேன். பொண்ணு மைனராம்."

"எந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணா? ஒன் வீட்டுக்கு வரப்போற பொண்ணுதான்!"

"பொண்ணு எப்படிக்கா மைனரா இருக்கும்? ஆம்பளைங்களைத்தானே அப்படிச் சொல்லுவாங்க?"

"அதான் நானும் கேக்கறேன். ஆம்பளை மைனர்னா ஷோக்குப் பேர்வழி. பொம்பளையை அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? நீயே யோசிச்சுப் பாரு."

ஜோசஃபின் யோசித்தாள். அங்கேதான் தப்பு. பத்தடி தள்ளி நின்றிருந்த பாஸ்டரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், யோசித்தாள். யோசிக்க யோசிக்க, ஜூடித் ஒரு நாள் சைக்கிளில் போனது ஞாபகம் வந்தது. பாட்டுக் குழுவில் ஆண்களோடு சிரித்துப் பேசியது ஞாபகம் வந்தது. எதுவுமே இல்லாத இடத்தில் எல்லாமே இருப்பதுபோல் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஹெர்பர்ட்டிடம், "அந்தப் பொண்ணு நமக்கு வேணாம்டா" என்றாள்.

"ஏம்மா? காலையிலதானே ஓலை வாசிச்சாங்க!"

"நடத்தை சரியில்லையாம்."

"யாரு சொன்னது?"

"பாஸ்டர் ஐயாவே சொல்லிட்டாரு. அதுக்கு மேல யாரு சொல்லணும்?"

பாஸ்டர் சொன்ன வார்த்தை என்ன என்று அவன் கேட்டிருந்தால், அவள் சொல்லியிருப்பாள்; ஆபீசில் நாள் முழுக்க இங்கிலீஷில் எழுதும் ஹெர்பர்ட் அந்த இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அவன் கேட்டது 'யார்' என்று மட்டும். அந்த வார்த்தையைப் பிள்ளையிடம் சொல்ல ஜோசஃபினுக்கும் கூச்சம். ஆகவே வார்த்தை அவள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது; அவள் கட்டிக்கொண்ட அர்த்தம் மட்டும் வெளியே வந்தது. ஹெர்பர்ட் சாப்பிடாமல் எழுந்து போனான். ஜூடித் வீட்டுப் பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை காலை பாஸ்டரும் உபதேசியாரும் கோலார் தங்கவயல் சபைகளுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். கேட்க நினைத்தாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்க நினைத்தவர்களும் இல்லை.

புதன்கிழமைக்குள் பேச்சு பக்கத்துப் பேட்டையான நீலசந்திரா வரைக்கும் போய்விட்டது. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஜூடித்தைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோம்மா" என்றாள்.

"எதுக்கு டீச்சரம்மா?"

"பிள்ளைகளோட தாய் தகப்பன் வந்து கேக்கறாங்க. பேச்சு அடங்கட்டும்."

"என்ன பேச்சு?"

"அதை என் வாயால வேற சொல்லணுமா? போம்மா."

வீட்டுக்கு வந்தால் கேத்தரின் தையல் மிஷின் மேல் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று ஜோசஃபின் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டிருந்தாள். காரணம் சொல்லவில்லை. 'உங்களுக்கே தெரியும்' என்று மட்டும் சொன்னாளாம்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே ஜூடி! எந்தப் பாவி என்ன சொன்னானோ!"

"அம்மா, அழறதுக்கு முன்னால எதுக்கு அழறோம்னாவது தெரிய வேணாமா? கண்ணைத் துடைங்க. நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

அவள் கேட்கப் போன கதையை நினைத்தால் எரிச்சலோடு சிரிப்பும் வருகிறது. முதல் வீட்டில், "நாங்க கேள்விப்பட்டதுதான், எங்களுக்கென்ன தெரியும்?" என்றார்கள். அடுத்த வீட்டில், "எங்களுக்குத் தெரிஞ்சாலும் நாங்க சொல்ற வழக்கம் இல்ல" என்றார்கள். அவர்கள் சொல்லித்தான் எதிர் வீட்டுக்கே தெரியும். கடைசியில் நோராவிடம் வந்து சேர்ந்தாள்.

"அந்த வார்த்தையை நான் சொல்லுவேனா? ஞாயித்துக்கிழமை திருவிருந்து எடுக்கப் போறவ நான்!"

"ஊரெல்லாம் சொல்லியிருக்கீங்களே, ஆன்ட்டி!"

"ஊருக்குச் சொன்னது வேற. ஒன் மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்றது? நல்லா இருக்குமா?"

முதுகுக்குப் பின்னால் சொன்னால் நன்றாக இருந்தது, முகத்துக்கு நேராகச் சொன்னால்தான் மரியாதைக் குறைவு. ஜூடித்துக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஜோசஃபின் வீட்டுக்கே போய்விட்டாள். ஓஸ்வால்ட் பந்தயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஹெர்பர்ட் அவளைப் பார்த்ததும் உள் அறைக்குள் போய் கதவோரம் நின்றுகொண்டான்.

"இங்க எதுக்கு வந்தே?" என்றாள் ஜோசஃபின்.

"உள்ள வரல அத்தை. வாசல்லயே நிக்கறேன். என்னைப் பத்திச் சொன்ன வார்த்தை என்னன்னு மட்டும் சொல்லிடுங்க, போயிடறேன்."

"அதைச் சொல்லி வேற என் நாக்கு அழுகணுமா?"

"ஐயோ அத்தை! என் வேலை போச்சு, கல்யாணம் போச்சு. எதனால போச்சுன்னு தெரிஞ்சுக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கலையா?"

கைக்குட்டையை மடித்துப் பையில் செருகிக்கொண்டிருந்த ஓஸ்வால்டுக்குப் பொறுமை போய்விட்டது. ஜட்கா வேறு தெருவில் காத்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, சும்மா போட்டு பேஜாரு! நான் சொல்றேன். பொண்ணு மைனர்னு பாஸ்டர் சொன்னாராம். அவ்வளவுதான். என்னைக்கூடத்தான் ஊரே மைனர்னு சொல்லுது. எனக்கு என்ன ஆயிடுச்சு? ஒரு வேளை சோறு குறைஞ்சுதா?"

ஜூடித் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றபோது கண் சிவந்திருந்தது. அவள் கதவுப் பக்கம் திரும்பி, வகுப்பில் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஹெர்பர்ட், மைனர்னா என்ன அர்த்தம்?"

கதவு கொஞ்சம் திறந்தது. உள்ளேயிருந்து, "வயசு... வயசு நிரம்பாதவங்க" என்று வந்தது.

"கல்யாணத்துக்கு எத்தனை வயசு நிரம்பணும்?"

"இருபத்தொண்ணு."

"எனக்கு எத்தனை?"

"இருபது."

"அப்ப நான் யாரு?"

"மைனர்" என்றான் ஹெர்பர்ட். சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"அட, அப்ப நான் மைனர் இல்லையா?" என்றான் ஓஸ்வால்ட், நிஜமாகவே வருத்தப்பட்டு.

"நீங்க மைனரா இல்லாம போயி எத்தனையோ வருஷம் ஆச்சு மாமா. அத்தை, இவரை அப்படிச் சொன்னா கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சறீங்க. என்னைச் சொன்னா கல்யாணத்தை நிறுத்தறீங்க. ஒரே வார்த்தைதானே? நல்ல வார்த்தைன்னா எனக்கும் நல்லது. கெட்ட வார்த்தைன்னா இவரை ஏன் வீட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க?"

ஜோசஃபினுக்குத் தோற்றுப்போவதற்கு மனம் வரவில்லை.

"அதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும்டி. பாஸ்டர் ஐயா தமிழ்லதானே சொன்னாரு!"

அன்று சாயங்காலம் பாஸ்டர் ஊர் திரும்பி, செருப்பைக் கழற்றுவதற்குள் ஜோசஃபின் அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஐயா, அந்தப் பொண்ணைப் பத்தி நீங்க சொன்னது நெசமா?"

"எந்தப் பொண்ணு? என்ன சொன்னேன்?"

"ஜூடித்தை. மைனர்னு."

"ஆமா, மைனர்தான். அதுல என்ன சந்தேகம்?"

ஜோசஃபின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "தெரிஞ்சுமா ஐயா ஓலை வாசிச்சீங்க?"

"அதுக்கென்னம்மா? இந்தச் சபையில நான் கட்டிவெச்ச பொண்ணுங்கள்ல முக்கால்வாசிப் பேரு மைனர்தான்."

"கர்த்தாவே!"

"ஏன், ஒங்க கல்யாணத்தப்போ நீங்களும் மைனர்தானே?"

"நானா! ஐயா, என்னையா சொல்றீங்க! என் வீட்டுக்காரரு மட்டும் உசுரோட இருந்திருந்தா..."

"பதினேழு வயசுல கட்டிக்கிட்டா மைனர் இல்லாம என்ன?" என்றார் பாஸ்டர். அப்போதுதான் எதிரே நிற்பவளின் கோலம் அவருக்கு உறைத்தது. "உக்காருங்கம்மா. இத்தனை கலவரம் எதுக்கு? நான் ஞானஸ்நானம் குடுக்கற ஒவ்வொரு குழந்தையும் மைனர்தான். வயசைச் சொல்ற வார்த்தை அது. வேற என்னன்னு நினைச்சீங்க?"

என்னவென்று நினைத்தாள் என்பதை ஜோசஃபினால் அவரிடம் சொல்ல முடியவில்லை. ஊர் முழுக்கச் சொன்னதை ஒரு பாஸ்டரிடம் சொல்ல முடியவில்லை.

மறுநாள் கோயில் மணிக்கு முன்பே அவளும் ஹெர்பர்ட்டும் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனார்கள். கேத்தரின் நாற்காலி போட்டாள். ஜூடித் உட்காரவில்லை.

"தெரியாம நடந்து போச்சும்மா, மனசுல வெச்சுக்காதே" என்றாள் ஜோசஃபின். "ஒங்க அம்மாகிட்ட பாஸ்டர் சம்மதம் கேட்டுக்கட்டும். இன்னைக்கு மூணாவது ஓலை வாசிச்சுடலாம். நடந்ததை மறந்துடு."

"நான் மறந்துடறேன் அத்தை. நீலசந்திராவுல இருக்கறவங்க மறப்பாங்களா?"

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"எங்க பேச்சைக் கொண்டுபோய்ப் போட்டீங்களோ, அங்க இருந்து எடுத்துடுங்க. சபை பூரா போச்சு. அதனால சபையிலயே சொல்லிடுங்க."

"நல்லா இருக்கே! கல்யாணத்துக்கு முன்னாலயே மாமியாரைச் சபையில நிக்க வைக்கற மருமகளா!"

"ஜூடி, விட்டுடேன்" என்று கேத்தரின் முந்தானையைக் கசக்கினாள். "இவ்வளவு தூரம் வந்துட்டாங்க இல்ல?"

"நானும்தான் பாதி ஊரு வீடு வீடா நடந்தேன் அம்மா."

ஹெர்பர்ட் ஏதோ சொல்ல வந்தான். ஜூடித் அவன் பக்கம் திரும்பினாள். இத்தனை நாள் அடக்கி வைத்த குரல் அப்போதுதான் உடைந்தது.

"ஒங்க அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. பரவால்ல. ஒங்களுக்கு என்னைத் தெரியும் இல்ல? மூணு வருஷமாத் தெரியும் இல்ல? இத்தனை நாள்ல ஒரு தடவை வந்து, 'ஜூடி, என்ன இது'ன்னு கேக்கத் தோணலையா ஹெர்பர்ட்?"

ஹெர்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான். "தோணுச்சு. கேக்க பயமா இருந்துச்சு."

"பயப்பட்டவரு நீங்க. வீட்டோட உக்காந்தவ நான்."

அதற்குள் கோயில் மணி அடித்தது. எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள், தெருவின் இரண்டு ஓரமாக.

ஆராதனையில் அறிவிப்பு நேரம் வந்தது. தான் தலையசைக்கும் வரை ஓலை வாசிக்க வேண்டாம் என்று ஜூடித் முன்கூட்டியே பாஸ்டரிடம் சொல்லியிருந்தாள். அதனால் அவர் ஓலையை எடுக்காமல், கண்ணாடியைத் துடைத்தபடி சபையைப் பார்த்தார். பெண்கள் பக்கம் விசிறிகள் நின்றன. 'நின்னுபோச்சுன்னு சொன்னேன் இல்ல' என்று நோரா பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

ஜோசஃபின் எழுந்து நின்றாள்.

"உக்காருடி! எங்க எழுந்திருக்கே?" என்று நோரா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கக்கா." ஜோசஃபின் சேலையை விடுவித்துக்கொண்டாள். "ஐயா, நான் கொஞ்சம் பேசணும். எல்லாரும் கேளுங்க. கேத்தரின் மக ஜூடித்தைப் பத்தி இந்த வாரம் ஒரு பேச்சு போச்சு. அதைக் கொண்டுபோனது நான். பாஸ்டர் ஐயா சொன்னாருன்னு சொன்னேன். அவரு சொன்னது, பொண்ணுக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகல, தாயாரைக் கேக்கணும்னு. நான் அதை வேற மாதிரி ஆக்கிட்டேன். அர்த்தம் தெரியல எனக்கு. தெரியாதது தப்பில்ல. தெரியாததைக் கேக்காம விட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். கேக்கறதுக்கு வெக்கப்பட்டேன். சொல்றதுக்கு வெக்கப்படல."

அவள் மூச்சு வாங்கினாள்.

"ஆம்பளைப் புள்ளைய என்ன சொன்னாலும் சிரிச்சுக்கறோம். பொண்ணுன்னா ஒரு சொல்லு போதும், குழி தோண்டிடறோம். எனக்குப் பொண்ணு இல்ல. இருந்திருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டேன். பொண்ணு இருக்கறவங்களும் இந்த வாரம் என்கூடச் சேர்ந்து பேசினீங்க. நீங்களும் யோசிங்க."

அவள் உட்கார்ந்தபோது நோரா ஜெபப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். நான்காவது பெஞ்சில் ஹெட்மிஸ்ட்ரஸ் தலையைத் தூக்கவில்லை.

பாஸ்டர் ஜூடித்தைப் பார்த்தார். அவள் தாயாரைப் பார்த்தாள். கேத்தரின் எழுந்து, "எனக்குச் சம்மதம் ஐயா" என்றாள். அப்புறமும் ஜூடித் உடனே தலையசைக்கவில்லை. ஆண்கள் பக்கம், கண்ணீரை மறைக்கத் தெரியாமல் நின்றிருந்த ஹெர்பர்ட்டை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அசைத்தாள். மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. தடை சொல்ல யாரும் இல்லை.

வெளியே வந்ததும் ஹெட்மிஸ்ட்ரஸ் ஜூடித்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு ஸ்கூலுக்கு வந்துடும்மா. நான் அப்பவே நினைச்சேன், இருக்காதுன்னு" என்றாள்.

"நினைச்சீங்க டீச்சரம்மா. கேக்கலையே" என்றாள் ஜூடித்.

ஹெர்பர்ட் தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்தான்.

"இனிமே ஒன்னைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன் ஜூடி. சத்தியமா."

ஜூடித்துக்கு மறுபடியும் பல்லைக் கடிக்கத் தோன்றியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் கோபம் பாதியாகிவிட்டது.

"கண்ணை மூடிக்கிட்டு நம்ப வேணாம், கண்ணை மூடிக்கிட்டு நம்பாம இருக்கவும் வேணாம். என்ன சொன்னாங்கன்னு முதல்ல கேளுங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு கேளுங்க. அப்புறம் என்கிட்ட வந்து கேளுங்க. இந்த மூணையும் கேக்காத யாருக்கும் ஒரு மனுஷியைப் பத்தி வாயைத் திறக்க உரிமை இல்ல, புருஷனா இருந்தாலும் சரி."